உடுக்கை எங்கே போனது: ப்ளகின்களுக்கு இடையில் கெயின் அளவைக் கற்றுக்கொண்ட கதை

இரணியலுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டின் பின்கட்டில் உள்ள ஒரு சிறிய அறையைத்தான் நான் ஒலிப்பதிவுக் கூடமாக வைத்திருக்கிறேன். சுவர்களில் கனத்த போர்வைகளும் மூலைகளில் பஞ்சு மூட்டைகளும் இருக்கும் அந்த அறையில், நான் முதன்முதலாக ஒரு வில்லுப்பாட்டுக் குழுவின் முழுக் கதைப்பாட்டைப் பதிவு செய்து, இரண்டு வாரம் இரவும் பகலுமாக மிக்ஸ் செய்து (தனித்தனிப் பதிவுகளைச் சரிசெய்து ஒன்றுசேர்த்து) முடித்தபோது, அதைக் கேட்பதற்குக் குழுத் தலைவரான அண்ணாவி தம் உடுக்கைக்காரரையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். எனக்கு அன்று உள்ளூரப் பெருமைதான். இசை சத்தமாகவும், நெருக்கமாகவும், கடையில் வாங்கிய பதிவைப் போலவும் ஒலித்தது என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் கேட்ட பிறகு அண்ணாவி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

“மக்களே, குரல் என் குரலுதான், ஆனா தகர டப்பாக்குள்ள தலைய விட்டுப் பாடுன மாதிரி இருக்கு. அது போகட்டும், உடுக்கை எங்க போச்சு?”

உடுக்கை ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் தோலில் விரல் விழும் அந்த முதல் நொடித்துளியின் கூர்மை, அதாவது ‘டுங்’ என்ற ஒலியில் ‘ட்’ என்று கேட்கிற பகுதி, எங்கோ கரைந்து போயிருந்தது. மீதி இருந்தது ஒரு தட்டையான அதிர்வு மட்டுமே. உடுக்கைக்காரர் எதுவும் சொல்லாமல் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவர் 40 ஆண்டாகக் கோயில் கொடை விழாக்களில் வாசிப்பவர். அவருடைய விரலின் அடையாளத்தை நான் அழித்திருந்தேன். அதை எந்த இடத்தில் அழித்தேன் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதத்துக்கும் மேல் ஆயிற்று. இந்தக் கட்டுரை அந்தத் தேடலைப் பற்றியது. வீட்டில் ஒரு கணினியும் இரண்டு மைக் உள்ளீடு கொண்ட இன்டர்ஃபேஸும் வைத்துக்கொண்டு பதிவு செய்கிற எல்லாருக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

தவறு பதிவிலேயே தொடங்கியிருந்தது. எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த பெரியவர் கேசட் காலத்தில் நாகர்கோவிலில் வேலை செய்தவர். நாடாவில் எப்போதும் ஓர் இரைச்சல் இருக்கும். அந்த இரைச்சலுக்கு மேலே ஒலியைத் தூக்கி நிறுத்த வேண்டுமானால், முள் சிவப்பைத் தொடும் வரை ஏற்றித்தான் பதிய வேண்டும். அவர் காலத்துக்கு அது சரியான பாடம். 24 பிட் டிஜிட்டல் பதிவில் அந்தத் தேவையே இல்லை. ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபெல் தருவதால், 24 பிட்டுக்கு, பதியக்கூடிய மிகச் சிறிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே கணக்குப்படி 144 டெசிபெல் இடைவெளி கிடைக்கிறது. வீட்டு அறையின் இரைச்சல், மைக்கின் இரைச்சல், வெளியே கத்தும் சில்வண்டு எல்லாமே அந்த அடித்தளத்துக்கு மிக மேலே இருக்கின்றன. ஆகவே சராசரி -18 டெசிபெல் அளவிலும் உச்சங்கள் -10, -8 அளவிலும் நிற்கும்படி பதிந்தால் எந்த இழப்பும் இல்லை. டிஜிட்டல் அளவுகோலில் 0 என்பது கூரை. அதற்கு மேல் இடமில்லை என்பதால் எல்லா அளவும் கழித்தல் குறியோடுதான் சொல்லப்படும். நானோ அண்ணாவியின் குரலைச் சராசரி -12 என்றும், உச்சத்தில் -2 என்றும் வரும்படி ஏற்றிப் பதிந்திருந்தேன். பதிவு உடையவில்லை என்பதால் அதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பிழை அடுத்த கட்டத்தில் பெருகியது. குரல் ட்ராக்கில், அதாவது குரலுக்கான தனித் தடத்தில், நான் வரிசையாகப் போட்டிருந்த ப்ளகின்கள் (ஒலியை மாற்றும் சிறு மென்பொருள்கள்) இவை: முதலில் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஓர் ஈக்யூ, அடுத்து உரத்த பகுதிகளை அமுக்கும் ஒரு கம்ப்ரஸர், அதன் பிறகு பழைய நாடா இயந்திரத்தைப் போல ஒலிக்கும் ஒரு ப்ளகின், மறுபடியும் ஓர் ஈக்யூ, கடைசியில் ‘ஸ்’ ஒலியைக் குறைக்கும் டீ-எஸ்ஸர். ஒவ்வொன்றைச் சேர்க்கும்போதும் ஒலி முன்னைவிட நன்றாக இருப்பதாகத் தோன்றியது. உண்மையில் ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று டெசிபெல் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போயிருந்தது. முதல் ஈக்யூவைக் கடந்தபோது சராசரி -10 ஆகிவிட்டது. கம்ப்ரஸரில், அமுக்கியதால் குறைந்த சத்தத்தைத் தானாக ஈடுகட்டும் பொத்தான் போட்டபடி இருந்ததால் அதைக் கடந்தபோது -8. ட்ராக்கின் கடைசியில் அளவு மிகுந்துவிட்டதைக் கண்டு, நான் ட்ராக்கின் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரை 11 டெசிபெல் கீழே இறக்கினேன். எல்லா ட்ராக்குகளும் ஒன்றுசேரும் மாஸ்டரில் சிவப்பு விளக்கு எரியவில்லை. அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டேன்.

இங்கேதான் தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகிறார்கள் என்பது என் எண்ணம். ரீப்பர், கியூபேஸ், லாஜிக் போன்ற மென்பொருள்களில் ஒரு ட்ராக்கின் ப்ளகின்கள் ஃபேடருக்கு முன்னால் இருக்கின்றன. ஃபேடரை எவ்வளவு இறக்கினாலும், ப்ளகினுக்குள் போகும் ஒலியின் அளவு ஒரு துளியும் மாறாது. வீட்டுக்குள் மழைநீர் புகுந்த பிறகு முற்றத்து ஓடையை வெட்டுவதைப் போன்றது அது. ப்ளகினுக்குள் போகும் அளவை ஏற்றி இறக்கும் கெயினை மாற்ற வேண்டுமானால் அதற்கு முன்னால்தான் கை வைக்க வேண்டும். ரீப்பரில் பதிவுத் துண்டின் மேலேயே அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். ப்ரோ டூல்ஸில் அதற்குக் க்ளிப் கெயின் இருக்கிறது. கியூபேஸில் சேனலின் மேல்பகுதியில் ப்ரீ-கெயின் இருக்கிறது. லாஜிக்கில் கெயின் என்ற பெயரிலேயே ஒரு ப்ளகின் வருகிறது. பெயர் எதுவானாலும், ப்ளகின் வரிசையின் தலைப்பில் நின்று அளவைத் தீர்மானிப்பதுதான் அதன் வேலை.

என் கண் திறந்தது ஓர் இரவில். குரல் ட்ராக்கின் ப்ளகின்கள் அனைத்தையும் ஒரே பொத்தானில் அணைத்துப் பார்த்தேன். ஒலி சட்டென்று சுருங்கி, உயிரற்றுப் போனது போல இருந்தது. ‘ப்ளகின்கள் எவ்வளவு நல்லது செய்திருக்கின்றன’ என்று எண்ணி மறுபடியும் போடப் போனவன், ஏனோ ஃபேடரைத் தொட்டு, அணைத்த நிலையில் இருந்த அந்த வெறும் பதிவை, ப்ளகின்களோடு கேட்ட அதே சத்த அளவுக்கு ஏற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிக் கேட்டேன். எதுவும் செய்யாத வெறும் பதிவுதான் நன்றாக இருந்தது. அண்ணாவியின் தொண்டையில் உள்ள கரகரப்பு, வரியின் முடிவில் அவர் மூச்சு விடும் விதம், எல்லாம் அதில் இருந்தன. இரண்டு வாரம் உழைத்து நான் ஒலியைக் கெடுத்திருக்கிறேன் என்பதை அந்த ஒரு ஃபேடர் நகர்வு எனக்குக் காட்டிக்கொடுத்தது.

இதற்குக் காரணம் காதின் இயல்பு. 1933-இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து வெளியிட்டார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது தாழ்ந்த அதிர்வெண்களையும் மிக உயர்ந்த அதிர்வெண்களையும் குறைவாகவே உணர்கிறது. சத்தம் கூடக் கூட, அடித்தளமும் மேல்பகுதியின் பளபளப்பும் தாமாகவே கூடியதாகத் தோன்றும். ஆகவே ஒரு ப்ளகின் வேறு எதையுமே செய்யாமல் சத்தத்தை மட்டும் ஒரு டெசிபெல் கூட்டினாலும், ஒலி ‘நிறைவாக’ ஆனது போல நமக்குத் தோன்றுகிறது. அந்த நிறைவை நாம் ப்ளகினின் கணக்கில் எழுதிவிடுகிறோம். ஒவ்வொரு ப்ளகினுக்குள்ளும் எந்த அளவில் ஒலி நுழைகிறதோ, ஏறத்தாழ அதே அளவில் வெளியே வரும்படி அமைத்தால்தான், அந்தப் ப்ளகின் நல்லது செய்கிறதா கெட்டது செய்கிறதா என்று காது நேர்மையாகச் சொல்ல முடியும். நான் கற்றுக்கொண்டதில் மையமானது இதுதான்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். இன்றைய மென்பொருள்கள் உள்ளுக்குள் மிகப் பெரிய எண்களையும் மிகச் சிறிய எண்களையும் தாங்கும் 32 பிட் அல்லது 64 பிட் மிதவைப்புள்ளிக் கணக்கில் இயங்குகின்றன. 32 பிட்டிலேயே 1,500 டெசிபெல்லுக்கு மேற்பட்ட இடைவெளி இருக்கிறது. 0-வைத் தாண்டினாலும் உள்ளுக்குள் எதுவும் உடையாது. பிறகு எதற்கு இந்தக் கவலை என்று அனுபவம் உள்ள நண்பர் ஒருவரே என்னிடம் வாதிட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மை. அதை நான் சோதித்தும் பார்த்தேன். எவரும் பத்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம். ஒரே பதிவை இரண்டு ட்ராக்குகளில் போட்டு, ஒன்றின் துருவத்தை, அதாவது அலையின் மேடு பள்ளங்களை, தலைகீழாக்கினால், இரண்டும் ஒன்றையொன்று அழித்து முழு அமைதி நிலவும். இப்போது ஒரு ட்ராக்கில் சத்தத்தை 40 டெசிபெல் கூட்டும் ப்ளகினையும், உடனே அடுத்து 40 டெசிபெல் குறைக்கும் ப்ளகினையும் போடுங்கள். மீட்டர் சிவந்து எரியும். ஆனாலும் அமைதி கலையாது. நண்பர் வென்றார். பிறகு அந்த இரண்டுக்கும் நடுவில் நாடா ப்ளகினை நுழைத்தேன். அமைதி கலைந்தது மட்டுமன்று, காதைக் கிழிக்கும் சீறல் மிச்சமாக நின்றது.

எங்கள் பக்கத்தில் வயல் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பேச்சிப்பாறையிலிருந்து வரும் கால்வாய் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், எவ்வளவு நீரைத் தாங்கினாலும், நட்ட நாற்றுக்கு வேண்டியது சில அங்குல நீர்தான். கால்வாய் உடையவில்லை என்பதற்காக வயலுக்குள் இடுப்பளவு நீரைத் திறந்துவிட்டால் நாற்று அழுகும். மென்பொருளின் உள்கணக்கு அந்தக் கால்வாய். நாடா, குழல் ஆம்ப்ளிஃபையர், பழைய கன்சோல் போன்ற பொருள்களைப் போலி செய்யும் ப்ளகின்கள் ஒவ்வொன்றும் ஒரு வயல். அந்தப் பழைய கருவிகள் சராசரிச் சத்தத்தை முள்ளால் காட்டும், 1939-இல் அமெரிக்காவில் உருவான வியூ மீட்டரில் 0 என்று முள் நிற்கும் அளவை மையமாக வைத்துச் செய்யப்பட்டவை. டிஜிட்டலில் அந்த 0-வைச் சராசரி -18 என்று பொருத்துவது பரவலான வழக்கம். சில ப்ளகின்களில் -20 ஆகவோ வேறாகவோ இருக்கும், கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். என் குரல் ட்ராக்கில் நாடா ப்ளகினுக்குள் போய்க்கொண்டிருந்த அளவு -8. அதாவது அது எதிர்பார்த்ததைவிட 10 டெசிபெல் அதிகம். அண்ணாவி சொன்ன தகர டப்பா அங்கேதான் இருந்தது.

கம்ப்ரஸரின் கதை வேறு. அது போலிக் கருவியாக இல்லாமல் சுத்தமான டிஜிட்டல் கம்ப்ரஸராக இருந்தாலும், அது அமுக்கத் தொடங்கும் எல்லையான த்ரெஷோல்டு ஒரு குறிப்பிட்ட அளவில் நிற்கிறது. ப்ளகினோடு வந்த, நான் பயன்படுத்திய ஆயத்த அமைப்பில் த்ரெஷோல்டு -24, விகிதம் 4-க்கு 1, அதாவது எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு 4 டெசிபெல்லும் 1 ஆகச் சுருங்கும். குரல் -18 அளவில் வந்திருந்தால் த்ரெஷோல்டுக்கு மேலே 6 டெசிபெல் இருந்திருக்கும். அதில் முக்கால் பங்கான 4.5 டெசிபெல்லைக் கம்ப்ரஸர் குறைத்திருக்கும். என் குரலோ -10 அளவில் நுழைந்தது. மேலே இருந்தது 14 டெசிபெல், கம்ப்ரஸர் குறைத்தது 10.5 டெசிபெல். ஆயத்த அமைப்பை உருவாக்கியவர் மனத்தில் வைத்திருந்த மென்மையான பிடி, என்னிடம் கழுத்தை நெரிக்கும் பிடியாக மாறியிருந்தது. ஆயத்த அமைப்புகள் நன்றாக இல்லை என்று குறை சொல்பவர்கள், தாங்கள் உள்ளே அனுப்பும் அளவை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு, முழுப் பாட்டையும் புதிதாகத் தொடங்கினேன். அப்போது இரண்டாவது பிழையைச் செய்தேன். அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ‘எல்லாவற்றையும் -18-இல் வை’ என்ற பாடத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் எல்லாருமே இதில் விழ வாய்ப்பு இருக்கிறது. ஆர்மோனியம், குரல், வலப்பக்கம் பாடுவோர், இடப்பக்கம் பாடுவோர் என எல்லா ட்ராக்குகளையும் வியூ மீட்டரைப் பார்த்து -18-க்குக் கொண்டுவந்தேன். உடுக்கை ட்ராக்கில் முள் அசையவே இல்லை. ஆகவே முள் 0-வை எட்டும் வரை ஏற்றினேன். நாடா ப்ளகினைப் போட்டேன். உடுக்கையின் ‘ட்’ மறுபடியும் செத்தது.

வியூ மீட்டரின் முள் ஓர் ஒலியின் முழு அளவை எட்டுவதற்கு 300 மில்லிவினாடி எடுத்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. ஆர்மோனியத்தின் நீண்ட சுரத்துக்கு அது போதும். உடுக்கையில் விரல் விழுந்து எழும் உச்சம் சில மில்லிவினாடிகளில் முடிந்துவிடுகிறது. முள் அதைக் காண்பதற்குள் அது போய்விடும். என் பதிவில் ஆர்மோனியத்தின் சராசரிக்கும் உச்சத்துக்கும் இடையே 8 டெசிபெல்தான் வேறுபாடு. உடுக்கையில் 21 டெசிபெல். சராசரியை -18-க்கு ஏற்றினால் உடுக்கையின் உச்சம் 0-வைத் தாண்டி 3 டெசிபெல் மேலே போய் நின்றது. நாடா ப்ளகின் அந்த உச்சத்தை மழுக்கிவிட்டது. ஆகவே தட்டும் கருவிகளுக்குச் சராசரியைப் பார்க்கக் கூடாது, உச்சத்தைத்தான் பார்க்க வேண்டும். உடுக்கை, கட்டை, தாளம் மூன்றுக்கும் உச்சம் -10-க்கும் -6-க்கும் இடையில் இருக்கும்படி அமைத்தேன். வில்லில் கட்டிய மணிகளுக்கு இன்னும் குறைவாக, -12. அவற்றின் ஒலி மீட்டரில் சிறியதாகத் தெரிந்தாலும் காதில் துளைக்கும். வீசுகோல் நாணில் விழும் ஒலியும் மணியும் ஒரே மைக்கில் பதிவாகியிருந்ததால் வேறு வழியும் இல்லை.

குடம் இவற்றில் எதிலும் சேராது. பத்தை என்னும் மட்டையால் குடத்தின் வாயில் அடிக்கும்போது எழும் அந்தத் தாழ்ந்த ஓசை நீளமாகவும் கனமாகவும் வரும். காதுக்குச் சிறிதாகக் கேட்டாலும் மீட்டரை நிரப்பிவிடும். அதற்கு மறுபடியும் வருகிறேன்.

ஒவ்வொரு ப்ளகினிலும் நுழையும் அளவையும் வெளியேறும் அளவையும் நான் இப்போது சமன் செய்யும் முறை இப்படி இருக்கிறது. பாட்டின் மிகவும் உரத்த பகுதியில் நான்கைந்து வினாடி நீளமுள்ள ஒரு துண்டைச் சுழலவிடுகிறேன். ப்ளகினுக்கு முன்னும் பின்னும் ஒரு மீட்டரை வைத்து, அவுட்புட் குமிழால் தோராயமாகச் சமன் செய்கிறேன். அதன் பிறகு மீட்டரை நம்புவதில்லை. மீட்டரில் சமமாகத் தெரிகிற இரண்டு ஒலிகள் காதில் சமமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஈக்யூவில் 3,000 ஹெர்ட்ஸ் பகுதியைச் சற்று உயர்த்தினாலே, மீட்டர் அவ்வளவாக நகராதபோதும் காது அதைச் சத்தமாக உணரும். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு, ப்ளகினை அணைத்துப் போடும் பைபாஸ் பொத்தானைப் பல முறை அழுத்தி, இப்போது ப்ளகின் இருக்கிறதா இல்லையா என்ற எண்ணிக்கையைத் தவறவிடுகிறேன். பிறகு கேட்கிறேன். எது சத்தமானது என்று சொல்ல முடியாமல், எது நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்ல முடிகிற நிலை வரும் வரை குமிழை அரை அரை டெசிபெல்லாக நகர்த்துகிறேன். கம்ப்ரஸரின் தானாக ஈடுகட்டும் பொத்தானை எப்போதும் அணைத்துவிடுகிறேன்; அது த்ரெஷோல்டையும் விகிதத்தையும் வைத்து ஒரு கணக்குப் போடுகிறதே தவிர, பாடுபவரைக் கேட்பதில்லை.

இப்படிச் சமன் செய்யத் தொடங்கியதும் நடந்த முதல் மாற்றம், ப்ளகின்களின் எண்ணிக்கை குறைந்ததுதான். குரலில் இருந்த ஐந்தில் இரண்டு எந்த நன்மையும் செய்யவில்லை என்பது தெரிந்து எடுத்துவிட்டேன். உடுக்கையில் இருந்த மூன்றில் ஒரே ஓர் ஈக்யூ மிஞ்சியது, அதுவும் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுவதற்கு மட்டும். இங்கே ஒரு சிறு வியப்பையும் சொல்லிவிடுகிறேன். தாழ்ந்த பகுதியை வெட்டினால் மீட்டர் குறைய வேண்டும் என்றுதான் எவரும் நினைப்போம். சில நேரங்களில் உச்சம் ஒரு டெசிபெல் கூடிவிடுகிறது. வெட்டும் வடிகட்டி அலைகளின் கட்டத்தை (ஒன்றுக்கொன்று உள்ள நேர நிலையை) நகர்த்துவதால், முன்பு ஒன்றையொன்று அடக்கிக்கொண்டிருந்த அலைகள் ஒன்றுசேர்ந்து உயர்கின்றன. இது பிழையன்று, ஆனால் அதற்குப் பின்னால் வரும் ப்ளகினுக்கு அது தெரியாது என்பதால், வெட்டிய பிறகும் அளவைப் பார்க்க வேண்டும்.

கேட்கும் சத்தமும் நிலையாக இருக்க வேண்டும். ஸ்பீக்கரின் குமிழை நாளுக்கு ஒரு நிலையில் வைத்தால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது. எல்லா அதிர்வெண்களும் கலந்த இரைச்சலான பிங்க் நாய்ஸ் ஒலியைச் சராசரி -20 அளவில் ஓடவிட்டு, நான் அமரும் இடத்தில் கைப்பேசியின் ஒலிமானி 75 டெசிபெல் அளவைக் காட்டும் வரை குமிழைத் திருப்பி, அந்த இடத்தில் தங்கையின் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். கைப்பேசியின் அளவீடு துல்லியமானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாளை வந்து அமரும்போதும் அதே இடத்துக்குக் குமிழ் திரும்பும் என்பதே போதுமானது.

வில்லுப்பாட்டுக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே சொல்ல வேண்டும். அண்ணாவி கதையை வசனமாகச் சொல்லும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போலத் தாழ்ந்து பேசுவார். அடுத்த மூச்சில் வில்லைத் தட்டிக்கொண்டு பாட்டுக்குத் தாவுவார். என் பதிவில் இரண்டுக்கும் 12 டெசிபெல் வேறுபாடு இருந்தது. பாட்டுக்கு ஏற்றபடி கம்ப்ரஸரை அமைத்தால் வசனத்தில் அது தூங்கும். வசனத்துக்கு ஏற்றபடி அமைத்தால் பாட்டை நெரிக்கும். ஒரே கம்ப்ரஸரிடம் இரண்டு வேலையையும் கொடுப்பது தவறு. பதிவுத் துண்டை வசனம், பாட்டு என வெட்டி, வசனத் துண்டுகளை மட்டும் ப்ளகினுக்கு முன்னாலேயே 7 டெசிபெல் உயர்த்தினேன். முழு 12-ஐயும் சமன் செய்யவில்லை. அந்தத் தாழ்வும் எழுச்சியும்தான் கதை சொல்லும் கலையின் உயிர், அதை மட்டமாக்க எனக்கு உரிமை இல்லை. இப்படி முன்னாலேயே உயர்த்தியதில் ஒரு விலையும் உண்டு. ஐப்பசி மழையில் ஓட்டின் மீது விழுந்த சொட்டுகளும், மின்விசிறியின் முனகலும் வசனத்தோடு சேர்ந்து 7 டெசிபெல் உயர்ந்தன. இரண்டு வசனங்களை மழை இல்லாத நாளில் மறுபடியும் பதிய வேண்டியிருந்தது. அண்ணாவி முகம் சுளிக்காமல் வந்து பேசிக் கொடுத்தார்.

முன்னால் கூட்டுவதும் பின்னால் கூட்டுவதும் வேறு வேறு என்பதை ஒரு தேவாலயப் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் பாடல்களை மிக்ஸ் செய்தபோது இன்னும் தெளிவாக உணர்ந்தேன். எல்லாம் முடிந்து, ஒப்படைக்கும் முந்தைய நாள், ஆல்டோ குரல்கள் (தாழ்ந்த பெண் குரல்கள்) குறைவாக இருப்பதாகக் குழுவின் பொறுப்பாளர் அக்கா சொன்னார். அவசரத்தில் நான் பதிவுத் துண்டுகளின் கெயினை 4 டெசிபெல் உயர்த்தினேன். குரல் முன்னே வரவில்லை. மாறாக மூச்சுத் திணறியது. காரணம், கம்ப்ரஸருக்குள் 4 டெசிபெல் அதிகமாகப் போனதால் அது அதிகமாக இறுக்கியது. வரிசை முழுவதும் அமைந்த பிறகு ஒரு குரலை முன்னே கொண்டுவர வேண்டுமானால், அதற்கான இடம் ஃபேடர்தான். ப்ளகின்களுக்கு உணவூட்டும் அளவைத் தொடக்கத்திலேயே தீர்த்துவிட்டு, பிறகு அதைத் தொடாமல் இருக்க வேண்டும். அதே பாடல்களில் ஆர்கன் ஒலிக்குப் பயன்படுத்திய, கணினிக்குள்ளேயே இயங்கும் மெய்நிகர் கருவி, திறந்த உடனேயே உச்சம் -1 அளவில் ஒலித்தது. பல மெய்நிகர் கருவிகள் இப்படித்தான் வருகின்றன. அவற்றின் உள்ளேயே இருக்கும் அவுட்புட் குமிழை முதலில் இறக்கிவிட்டு, அதன் பிறகுதான் வாசிக்கத் தொடங்குகிறேன்.

ட்ராக்குகள் ஒன்றுசேரும் இடத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத, சம அளவுள்ள இரண்டு ஒலிகள் கூடினால் 3 டெசிபெல் உயரும்; நான்கு கூடினால் 6, பதினாறு கூடினால் 12. வில்லுப்பாட்டில் என்னிடம் இருந்தவை 16 ட்ராக்குகள். ஒவ்வொன்றும் சராசரி -18 என்றால் கூட்டுத்தொகை -6. உச்சங்கள் நிச்சயமாக 0-வைத் தாண்டும். மாஸ்டரில் வைத்திருக்கும் கம்ப்ரஸருக்கு அது மிக அதிகம். அந்த நேரத்தில் மாஸ்டர் ஃபேடரை இறக்குவது பயன் தராது. ரீப்பரில் மாஸ்டரின் ப்ளகின்களும் ஃபேடருக்கு முன்னால்தான் இருக்கின்றன. ப்ரோ டூல்ஸில் மட்டும் மாஸ்டர் ஃபேடரின் ப்ளகின்கள் ஃபேடருக்குப் பின்னால் வரும் என்பதை அதில் வேலை செய்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். நான் எல்லா ட்ராக் ஃபேடர்களையும் ஒன்றாகத் தெரிவு செய்து ஒரே அளவில் இறக்கிவிடுகிறேன். ஒன்றுக்கொன்று இருந்த உறவு மாறாது. மாஸ்டருக்குப் போகும் அளவு மட்டும் குறையும்.

கடைசி வெளியீட்டில் மிதவைப்புள்ளியின் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. 24 பிட், 16 பிட் கோப்பாக எழுதும்போது 0-வைத் தாண்டியது அனைத்தும் வெட்டப்படும். யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் ஏறத்தாழ -14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவை ஒட்டிப் பாடல்களை ஒலிக்கச் செய்கின்றன. அதைவிடச் சத்தமாகக் கொடுத்தால் அவை குறைத்துவிடும். ஆகவே உடுக்கையின் உச்சத்தை நசுக்கி -8 வரை தள்ளுவதில் எந்த லாபமும் கிடையாது. உண்மை உச்சம் (கோப்பு ஒலியாக மாறும்போது எட்டும் உச்சம்) -1-ஐத் தாண்டாமல், -14 அளவில் ஒரு கோப்பைக் கொடுத்தேன். கொடை விழாவின் ஒலிபெருக்கிக்காரருக்கு, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிய மற்றொரு கோப்பைத் தனியாகக் கொடுத்தேன். குழாய் ஒலிபெருக்கிகள் அந்தப் பகுதியை எப்படியும் ஒலிக்கப் போவதில்லை, வீணாக ஆம்ப்ளிஃபையரைச் சிரமப்படுத்தும்.

இரண்டாவது மிக்ஸைக் கேட்க வந்தபோது உடுக்கைக்காரர் ஸ்பீக்கருக்கு மிக அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். முதல் தட்டு விழுந்ததும் அவருடைய வலது கைவிரல்கள் தொடையில் தாமாக அசையத் தொடங்கின. அண்ணாவி கடைசி வரை கேட்டுவிட்டுக் குடத்தைப் பற்றித்தான் பேசினார்: “குடம் விழும்போதெல்லாம் பின்பாட்டு கொஞ்சம் அமுங்குது மக்களே, கேட்டியா?” அவர் சொன்னது சரி. குடத்தின் தாழ்ந்த ஓசை மாஸ்டர் கம்ப்ரஸரின் த்ரெஷோல்டைத் தட்டி எழுப்ப, அது எல்லாரையும் சேர்த்து இறக்கிக்கொண்டிருந்தது. கம்ப்ரஸர் கேட்கும் உள்வழியில் மட்டும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டியைப் போட்டு, குட ட்ராக்கின் ஃபேடரை 2 டெசிபெல் இறக்கியிருக்கிறேன். பின்பாட்டு இப்போது அசையாமல் நிற்கிறது. ஆனால் குடத்தின் கனம் சற்றுக் குறைந்துவிட்டதோ என்று எனக்கே ஓர் ஐயம் இருப்பதால், குடம் அடிப்பவரையும் அழைத்துக்கொண்டு வருமாறு அண்ணாவியிடம் சொல்லியிருக்கிறேன்.